விசிலுக்கு ஒரு தரை

ஆகஸ்ட் 28, திங்கள்

இடது கை மாவுக்கட்டை இன்று வெட்டி எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த கை தோல் சீவிய முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. டாக்டர் விரலை மடக்கச் சொன்னார், மடக்கினேன். "பரவாயில்லையே" என்றார். முப்பத்தோரு வருஷம் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவளுக்கு விரல் மடக்கத் தெரியாதா?

அந்தச் சந்தோஷத்தோடு பெங்களூருக்குப் போன் போட்டதுதான் தப்பு. மகள் பிரிசி எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த நாய எப்ப அனுப்புதீங்க?"

விஷயம் இதுதான். ஜூலை பதினேழாம் தேதி படுக்கையறையில் விழுந்தேன். மணிக்கட்டு போயிற்று. என் நாய் விசில் குறுக்கே பாய்ந்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பிரிசியிடமும் அதையே சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்கு விசில் பெயரைக் கேட்டாலே ஆகவில்லை. அவள் ஆபீஸ் தோழியின் சித்தப்பாவுக்கு வள்ளியூர்ப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறதாம், காவலுக்கு நாய் வேண்டுமாம். அக்டோபர் இரண்டாம் தேதி லீவுக்கு அவள் வருவதற்குள் விசில் தோப்புக்குப் போயிருக்க வேண்டுமாம்.

"போகலன்னா?"

"போகலன்னா நீங்க என்கூட பெங்களூர் வந்துருங்க. ரெண்டுல ஒண்ணு."

ரிட்டயர் ஆன வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் என் பின்னாலேயே வந்த குட்டி. விசில் ஊதினால் ஓடி வரும், அதனால் அதுவே பெயர் ஆயிற்று. இப்போது முப்பத்திரண்டு கிலோ. என் வீட்டுக்காரர் போனபிறகு இந்த வீட்டில் என்னோடு மூச்சு விடுகிற ஒரே ஜீவன். ராத்திரி என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுப்பான். இவனைத் தோப்பில் கொண்டுபோய்க் கட்டிப்போடுவார்களாம்.

விட்டேனா? "தப்பு நாய் மேல இல்ல, தரை மேல" என்றேன். உண்மைதானே. அவர் ஆசைப்பட்டுப் போட்ட பளபள டைல், முகம் பார்த்துப் பவுடர் போடலாம். விசில் திரும்பும்போது நான்கு காலும் நான்கு திசையில் போகும். தரையை மாற்றினால் யாரும் வழுக்கப் போவதில்லை.

"சரி, மாத்துங்க. வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். ஐந்து வாரம் இருக்கிறது.

செப்டம்பர் 1, வெள்ளி

பைபாஸ் ரோட்டு டைல்ஸ் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒருத்தி ஓடிவந்து அட்டென்ஷனில் நின்றாள். "டீச்சர், நான் பேச்சியம்மா. கொக்கோ டீம். நீங்க என்ன மைதானத்தச் சுத்தி எட்டு ரவுண்டு ஓடவிட்டீங்க."

"எதுக்கு?"

"பீரியட கட் பண்ணிட்டு நெல்லிக்கா பறிச்சதுக்கு."

"அப்ப பத்து ஓடவிட்டிருக்கணும்" என்றேன். இந்த வயதில் அப்படிச் சிரிக்கிறாள். கடையில் அவள்தான் இப்போது சூப்பர்வைசர்.

நாய் இருக்கிற வீடு, படுக்கையறை, நகம் கீறக்கூடாது, மூத்திரம் இறங்கக்கூடாது, வழுக்கக்கூடாது என்று சொன்னேன். பேச்சி வரிசையாகக் காட்டினாள். மரம் மாதிரியே இருக்கிற லேமினேட் பலகை. தண்ணீர் புகாத வினைல் பலகை. மினுமினுப்பு இல்லாத மேட் டைல். கோட்டா கல்.

"படத்தப் பாத்து வாங்கக்கூடாது டீச்சர். பெட்ரூம் தரைய கால்தான் தேர்ந்தெடுக்கணும். செருப்பக் கழத்திட்டு ஏறி நில்லுங்க. கண்ண மூடிக்கிடுங்க. எது வழுவழுன்னு இருக்கு, எது சொரசொரன்னு இருக்குன்னு சொல்லுங்க."

ஏறி நின்றேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி நின்றேன். "இதுதான் நல்ல பிடி. சொரசொரப்பு" என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால் ஷோகேஸுக்கு வைத்திருந்த கண்ணாடிப் பலகை மேல் நிற்கிறேன்.

"உன்ன டெஸ்ட் பண்ணினேன்ட்டி, கவனிக்கியான்னு" என்றேன். அவளும் சிரித்தாள். ஆனால் முன்னே சிரித்த சிரிப்பு இல்லை. ஒவ்வொன்றிலும் நாலு துண்டு சாம்பிள் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

என்னைக் கேட்டால் எல்லாம் ஒன்றுதான். விலை வைப்பதற்காக வித்தியாசம் சொல்கிறார்கள்.

வரும்போது ஆட்டோவில் இடது செருப்பை விட்டுவிட்டேன். இறங்கி நாலு வீடு தாண்டியபிறகு, "ஒத்தச் செருப்போட போறீகளே" என்று பூக்காரி சொல்லித்தான் பார்த்தேன். சவத்துச் செருப்பு, வார் தளர்ந்துபோச்சு.

செப்டம்பர் 2, சனி

பின்வார் வைத்த செருப்பு வாங்கினேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். ஏழு பேர் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள், அதில் இரண்டு பேர் ரோஜாப்பூ படத்தோடு வேறு ஒரு டீச்சரின் பெயர் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

சாம்பிள்களைப் படுக்கையறையில் வரிசையாக விரித்து டெஸ்ட் வைத்தேன். எதையும் முறையாகச் செய்யவேண்டும். ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடுகிறது. விசிலை வாசலில் உட்காரவைத்து, மறுகோடியில் நின்று ஊதினேன். ஒவ்வொரு தரைக்கும் மூன்று ஓட்டம்.

லேமினேட்: நகச் சத்தம் டக் டக்கென்று ஆள் நடக்கிற மாதிரி கேட்கிறது. திரும்பும்போது பின்கால் வழுக்கியது. வினைல்: சத்தமில்லை, வழுக்கல் கொஞ்சம். நகம் பட்ட இடத்தில் கோடு விழுந்தது. கோட்டா கல்: வழுக்கவில்லை, ஆனால் எண்ணெய் ஊற்றினேன், குடித்துவிட்டது. மேட் டைல்: ஓடினான், நின்றான், திரும்பினான். கையெழுத்துப் போடாத குறைதான்.

அப்புறம் சாவியால் கீறல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளர் தண்ணீர். மூத்திர டெஸ்டுக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. விசில் தானாக முன்வந்து லேமினேட்டைத் தேர்ந்தெடுத்தான்.

மேட் டைல் துண்டு ஒன்றைத் தூக்கும்போது இடது கையிலிருந்து நழுவி விழுந்து மூலை சிதறிவிட்டது. பெருக்கி அள்ளினேன்.

செப்டம்பர் 6, புதன்

லேமினேட் ஓரம் ஆப்பம் மாதிரி உப்பிவிட்டது. வெளியேற்றம். முதல் பரிசு மேட் டைலுக்கு.

செப்டம்பர் 9, சனி

செல்லையா மேஸ்திரி வந்து அளந்தார். பன்னிரண்டுக்குப் பதிமூன்று. பழைய டைல் மேலேயே ஒட்டிவிடலாம், செலவு குறையும் என்றார். "அரை இஞ்ச் ஏறும், அவ்வளவுதான்."

வாசல்படியில் அரை இஞ்ச் ஏறினால் என்ன ஆகும் என்று இவருக்கென்ன தெரியும். "உடைச்சே போடுங்க" என்றேன்.

"நாய்க்கு அரை இஞ்ச் ஒரு பெரிய விஷயமா டீச்சரம்மா?"

"நாய்க்குத்தான்" என்றேன்.

கலரும் அவர்தான் சொன்னார். கரும்பழுப்பு, அதில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளி. "நாய் உள்ள வீட்டுக்கு இதாம் சரி. முடி தெரியாது, கறை தெரியாது, ஒரு வாரம் பெருக்காம விட்டாலும் ஒரு பயலுக்கும் தெரியாது. டைலுக்கு நடுவுல சிமெண்ட் வேண்டாம், எபாக்சி போட்டுருவோம். மூத்திரம் இறங்காது." விவரமான மனுஷன்தான். டெஸ்டில் ஜெயித்ததும் அதே புள்ளி போட்ட டைல்தான். பேச்சிக்குப் போன் செய்து அதையே சொல்லிவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி வேலை ஆரம்பம்.

பிரிசிக்குப் படம் அனுப்பினேன். "ம்" என்று பதில் போட்டாள். வங்கியில் மேனேஜர் ஆனபிறகு எழுத்துக்கும் கஞ்சம்.

செப்டம்பர் 11, திங்கள்

விசிலுக்கு என்ன கோட்டி பிடித்திருக்கிறதோ. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், என் இடது காலை நக்க வருகிறான். விரட்டினால் சுற்றி வந்து மறுபடி நக்குகிறான். சாக்ஸ் போட்டுக்கொண்டேன். சாக்ஸைக் கடித்து இழுக்கிறான். நன்றாக ஏசினேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அங்கிருந்தே பார்க்கிறான்.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையில் படுக்கையறைத் தரையில் சிவப்புப் பொட்டுகள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஐந்தாறு. விசில் எங்கேயோ முள்ளில் மிதித்திருக்கிறான். துடைத்தேன்.

செப்டம்பர் 13, புதன்

இன்றும். அவனை மடியில் போட்டுக்கொண்டு பதினெட்டு நகத்தையும் எண்ணிப் பார்த்தேன். பாதத்து இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கே வைத்திருக்கிறான் காயத்தை?

பிரிசி போன் செய்தபோது வாய் தவறி, "விசிலுக்கு ரத்தம் வருது, தரையெல்லாம் பொட்டு" என்று சொல்லிவிட்டேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. "அம்மா, உங்களுக்குச் சுகர் இருக்கு. அது ரத்தத்தோட உங்க ரூம்ல சுத்துது. இனி அக்டோபர் வரைக்கும் பொறுக்க முடியாது" என்றாள். வள்ளியூர்க்காரர் சனிக்கிழமை காலையிலேயே வண்டியோடு வருகிறாராம். தரையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "தரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் இருக்கிறது. காயத்தைக் கண்டுபிடித்து மருந்து போட்டுவிட்டால், வள்ளியூர்க்காரரை வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை கால்நடை டாக்டர் நசீமாவிடம் நேரம் வாங்கினேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்குள் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன், எனக்கு என்னைத் தெரியும்.

டாக்டர் நசீமாவின் கிளினிக்கில் செருப்பை வெளியே விடவேண்டும். விட்டுவிட்டு உள்ளே போனேன். வெள்ளை டைல் போட்ட அறை. விசிலை இரண்டு பேராகத் தூக்கி மேசை மேல் நிறுத்தினோம். டாக்டர் நான்கு பாதத்தையும் அழுத்திப் பார்த்தார், நகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், வாயைத் திறந்து ஈறு பார்த்தார்.

"இவனுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்."

"நல்லாப் பாருங்க. இன்னைக்குக் காலையில கூட ரத்தம்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், விசில் மேசை மேல நிக்கான். வாசல்லேருந்து இங்க வரைக்கும் தரையில ரத்தம் இருக்கு. நீங்க அப்படியே உக்காருங்க."

நாற்காலியில் உட்காரவைத்து என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரே கூச்சமாகப் போயிற்று. நாய்க்கு வைத்தியம் பார்க்க வந்தவள் இப்படிக் காலை நீட்டிக்கொண்டா உட்காருவது? அவர் இடுக்கியை எடுத்தார். "வலிச்சா சொல்லுங்க."

"சொல்லுதேன். ஆரம்பிங்க."

"எடுத்தாச்சு டீச்சர்."

இடுக்கி முனையில் ஒரு துண்டு. என் சுண்டுவிரல் நகம் அளவு. கரும்பழுப்பு, அதில் ஒரு சிவப்புப் புள்ளி. ஐந்தாம் தேதி சிதறிய டைல் துண்டு. பத்து நாளாக அதன் மேல் நடந்திருக்கிறேன், மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு மணி நேரம் நின்று பாட்டுப் பாடியிருக்கிறேன்.

"நான் நாய் டாக்டர். இதுக்கு மேல பாக்கக் கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, வீட்டுக்குப் போயிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க" என்று சொல்லி, அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். விசிலைச் சாயங்காலம் வரை அங்கேயே வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருத்தர் நைலான் நரம்பு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பாதத்தில் பத்து இடத்தில் தொடுவாராம், தெரிந்தால் தெரியுது என்று சொல்லவேண்டுமாம். நான் ஐந்து தடவை தெரியுது என்றேன். அதில் மூன்று தடவை அவர் தொடவே இல்லையாம். பத்துக்கு இரண்டு. என் பிள்ளைகள் யாராவது இந்த மார்க் வாங்கியிருந்தால் முட்டி போட வைத்திருப்பேன்.

சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறதாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்குமாம். "எவ்வளவு நாளா மரத்துப்போயிருக்கு?" என்று கேட்டார். "இப்பதான்" என்றேன்.

இப்பதான் இல்லை. போன வருஷம் தவக்காலத்திலேயே பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருந்தது. வயசு என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜூலை பதினேழாம் தேதி விசில் அந்த அறையிலேயே இல்லை. பின்கட்டில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தான். நான் பீரோவிலிருந்து திரும்பினேன், கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தவன் அவன். வாசலுக்கும் எனக்கும் இடையில் ஓடி ஓடிக் குரைத்து அடுத்த வீட்டு ஆவுடையம்மாளைக் கூட்டிவந்தவன் அவன். ஆவுடையம்மாள், "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டபோது அவன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் அவனைக் கை காட்டினேன்.

டிரில் டீச்சருக்குக் கால் போய்விட்டது என்று ஊர் சொல்லும் என்ற பயம். தானாக விழுகிறாள் என்று தெரிந்தால் பிரிசி என்னைப் பெங்களூரில் பதினாலாவது மாடியில் கொண்டுபோய் வைத்துவிடுவாள் என்ற பயம். நாய்க்கு வாய் இல்லை, மறுத்துப் பேசாது. எவ்வளவு கேவலமான காரியம் செய்திருக்கிறேன். நெல்லிக்காய் பறித்த பிள்ளைக்கு எட்டு ரவுண்டு கொடுத்தவள்.

செப்டம்பர் 16, சனி

வள்ளியூர்க்காரர் பத்து மணிக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷன், வெள்ளை வேட்டி, கையில் புதுச் சங்கிலி. வண்டியில் சாக்கு விரித்துத் தண்ணீர்ச் சட்டி கூட வைத்திருந்தார். விசில் அவர் கையை மோந்து பார்த்து வாலை ஆட்டினான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு நிமிஷம் உக்காருங்க. மகள்கிட்ட ஒரு வார்த்த பேசிக்கிடுதேன்" என்றேன். உள்ளே போய்ப் பேசலாம்தான். உள்ளே போனால் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. அவர் முன்னாலேயே போட்டேன்.

"பிரிசி, விசில் என்னத் தள்ளிவிடல."

"அம்மா, திரும்பத் திரும்ப ஆரம்பிக்காதீங்க."

"அவன் அந்த ரூம்லயே இல்ல. நானாதான் விழுந்தேன். பாதத்துல உணர்ச்சி இல்ல. ஒரு வருஷத்துக்கு மேலா இல்ல. ரத்தமும் அவனோடது இல்ல, என் கால்ல டைல் துண்டு ஏறியிருந்துச்சு. பத்து நாளாத் தெரியல. நேத்து எடுத்தாங்க."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு மாசமா அந்த வாயில்லாப் பிராணிய நான் ஏசிக்கிட்டிருக்கேன்" என்றாள். அழுகிறாள். "நீங்க கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"ஆமா."

"விரல் எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"எண்ணிச் சொல்லுங்க."

எண்ணிச் சொன்னேன். வள்ளியூர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

அப்புறம்தான் அவள் அதைச் சொன்னாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. "நாய் இருக்கட்டும்மா. நாய் பிரச்சினையே இல்ல. இனிமே நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னா, நான் இங்கேருந்து அத எப்படி நம்புவேன்? சொல்லுங்க. நம்பலன்னா உங்கள அங்க தனியா எப்படி விடுவேன்?"

விசில் தலையைத் தடவிக்கொண்டே போனை வைத்தேன்.

வள்ளியூர்க்காரர் சங்கிலியைச் சுருட்டிப் பையில் போட்டார். "இவ்வளவு தூரம் வந்ததுக்கு மன்னிச்சுக்கிடுங்க" என்றேன். "ஒரு காப்பி குடுங்க, கணக்கு சரியாப் போவும்" என்றார். குடித்துவிட்டுப் போகும்போது, "எங்க அம்மைக்கும் இப்படித்தான் கால் போச்சு. அவ கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல" என்றார்.

செப்டம்பர் 18, திங்கள்

கட்டுப் போட்ட காலோடு ஆட்டோவில் டைல்ஸ் கடைக்குப் போனேன். வண்டி வாசலில் நிற்கும்போதே பேச்சி வெளியே நாற்காலியைக் கொண்டுவந்துவிட்டாள்.

"அன்னைக்குக் கண்ணாடி மேல நின்னுட்டு சொரசொரப்புன்னு சொன்னீங்களே. அப்பவே கேக்கணும்னு நெனச்சேன் டீச்சர். ஏசிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

"ஏசியிருப்பேன். அப்பவும் நீ கேட்டிருக்கணும்ட்டி" என்றேன். "போகுது, ஆர்டர மாத்தணும். அதே மேட் டைல், அதே பிடி. கலர் மட்டும் வேற. புள்ளி கிள்ளி ஒண்ணும் வேண்டாம், வெளேர்னு வேணும்."

பேச்சி என் காலைப் பார்த்தாள். "டீச்சர், நாய் வளக்குத வீட்டுக்கு இந்தக் கலர் யாரும் எடுக்க மாட்டாங்க. ஒரு முடி விழுந்தா தெரியும். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்."

"அதுக்குத்தான் கேக்கேன்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் உள்ளே போய் வெள்ளையில் மூன்று தினுசு எடுத்துவந்தாள். நான் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றின் மேலும் ஏறி நின்றாள். நடந்து பார்த்தாள், குதிகாலை அழுத்தித் திரும்பிப் பார்த்தாள். "நடுவுல உள்ளதுதான் டீச்சர் நல்ல பிடி" என்றாள். அதையே எடுத்தோம். என் படுக்கையறைத் தரையை இன்னொருத்தி கால் தேர்ந்தெடுத்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது, பழகிவிடும்.

பிரிசிக்குப் படம் அனுப்பி, வெள்ளை எதற்கு என்று இரண்டு வரி எழுதினேன். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் பதில் வந்தது. "சரிம்மா. ரெண்டாம் தேதி வாரேன்."

செப்டம்பர் 25, திங்கள்

உடைப்பு. வீடு முழுக்கத் தூசி. நானும் விசிலும் ஆவுடையம்மாள் வீட்டில். ஒரு சில்லு கூட மிச்சம் இருக்கக் கூடாது என்று செல்லையாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

செப்டம்பர் 27, புதன்

செல்லையாவுக்கு வெள்ளை பிடிக்கவே இல்லை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு டீச்சரம்மா. நான் சொன்ன கலரப் போட்டிருந்தா கண்ண மூடிட்டு இருக்கலாம்" என்றார். இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன் என்று அவரிடம் போய் என்னத்தைச் சொல்ல? டீ போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 2, திங்கள்

பிரிசி காலை ரயிலுக்கு வந்தாள். வந்ததும் தரையைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள். கட்டிலில் உட்காரவைத்து, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தாள். காயம் ஆறிவருகிறது. என் நகத்தை அவளே வெட்டினாள். நான் பெற்ற பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அவள் கை சூடா குளிரா என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். நகவெட்டியைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ விழுந்தீங்க?"

"ரெண்டு" என்று நாக்கு நுனி வரை வந்தது. "நாலு" என்றேன். "கையால ஊனிக்கிட்டேன், அதனால அடி படல."

ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. வாசலில் தயங்கி நின்ற விசிலை, "உள்ள வாலே" என்று கூப்பிட்டாள். அவன் வெள்ளைத் தரையில் பைய நடந்து வந்து அவள் மடியில் தலையை வைத்தான். வழுக்கவில்லை. "உன்கிட்ட நான் எப்படிய்யா மன்னிப்புக் கேக்கது" என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ராத்திரி ரயிலுக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். தினமும் காலையில் தரையைப் பார்க்கவேண்டும், காலைப் பார்க்கவேண்டும், இருக்கிறதை இருக்கிறபடி அவளுக்குச் சொல்லவேண்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பாளாம். அதற்குள் ஒரு தடவை மறைத்தாலும் நான் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டியதுதானாம். விசிலையும் கூட்டிக்கொண்டு போகலாமாம், ஆனால் பதினாலாவது மாடியில் அவன் எங்கே ஓடுவான்?

அக்டோபர் 19, வியாழன்

பதினேழு நாள் தரை சுத்தமாக இருந்தது. தினமும் "ஒண்ணுமில்ல" என்று அனுப்பினேன், அவளும் "சரி" என்று போட்டாள்.

இன்று காலை ஆறரை மணிக்குக் கட்டிலிலிருந்து இறங்கப் போகும்போது பார்த்தேன். பாத்ரூம் வாசலில் ஒரு சிவப்புப் பொட்டு. மிளகு அளவுதான். செல்லையா சொன்ன கலராக இருந்தால், தெரிந்தே இருக்காது.

உடனே என் மனசு என்ன சொல்லிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன். ஈரத்துணி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறது என்றது. விசிலுக்கு நகம் பிளந்திருக்கும், அப்படியே சொல்லிவிடலாம் என்றது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போது போய் வாயைத் திறப்பாளா ஒருத்தி என்றது. விசில் பொட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தரையைத் துடைக்கவில்லை. அவன் பாதத்தையும் பார்க்கவில்லை. இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் வெடித்திருந்தது.

பிரிசிக்குப் போன் போட்டேன். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை போல, குரல் கட்டியிருந்தது. "என்னம்மா, இவ்வளவு காலையில?"

"ரத்தம் வந்திருக்கு பிரிசி" என்றேன். "என்னோடதுதான்."